அணை போகட்டும், கெடுவைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் பில்ஸ்பரி ஏரிப் பகுதியில் ஒரு சிறிய உள்ளாட்சி அமைப்பின் உறுப்பினர் நான். ஏரிக்கு ஆதாரமான ஸ்காட் அணையை அதை நடத்தும் மின்நிறுவனம் இடிக்கப்போகிறது; அதற்குக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையத்திடம் மனு போட்டிருக்கிறது. எங்கள் லேக் கவுண்டியை (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) விட்டுவிட்டு, மற்றக் கவுண்டிகள் 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 2018 காட்டுத்தீயின்போது ஹெலிகாப்டர்கள் இந்த ஏரியில்தான் தண்ணீர் மொண்டன. கிணறுகள், வரி வருமானம் எல்லாம் இதை நம்பியவை. ஆட்சேபித்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். ஆணையத்துக்குக் கடிதமும் அனுப்பினோம். எங்கள் கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் செல்லுமா? நீதிமன்றத்தில் ரத்து செய்ய முடியுமா?

பதில்: மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அதில் ஒரு வரிதான்: "ஆணையத்துக்குக் கடிதமும் அனுப்பினோம்." அது வெறும் கடிதமா, வழக்கில் உங்களைத் தரப்பினராகச் சேர்க்கக் கோரும் மனுவா?

ஒப்பந்தத்தை மறந்துவிடுங்கள். சோனோமா, மெண்டோசினோ, ஹம்போல்ட் தரப்புகளும் ரவுண்ட் வேலிப் பழங்குடியினரும் உங்கள் அணை நிற்கும் ஈல் ஆற்றின் தண்ணீரை ரஷ்யன் ஆற்றுக்குத் திருப்புவது பற்றிச் செய்துகொண்டது அது. அது உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் கையெழுத்திடவில்லை என்பதற்காகச் செல்லாமலும் போகாது. அணையின் கதி முடிவாகப்போவது வேறு இடத்தில். 2025 ஜூலையில் அணையை நடத்தும் பிஜி அண்ட் இ மின்நிறுவனம் ஃபெர்க் எனப்படும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில், அணையை இடித்துவிட்டு உரிமத்தை ஒப்படைப்பதாக மனு தாக்கல் செய்ததே, அங்கே.

நம் ஊர்ப் பழக்கம், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டால் விவகாரத்தில் நாமும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்வோம். ஃபெர்க்கில் கருத்துக் கடிதம் கோப்பில் ஏறும், அவ்வளவுதான். தரப்பினர் அல்லாதவர் மறுவிசாரணை கேட்க முடியாது; மறுவிசாரணை கேட்காதவர் மேல்முறையீட்டு நீதிமன்றப் படி ஏற முடியாது. கவுண்டி தரப்பினராக இருப்பது உங்கள் அமைப்புக்கு உதவாது. தரப்பினராகச் சேரும் கெடு தாண்டியிருந்தாலும், இறுதி உத்தரவு வருவதற்கு முன் தக்க காரணம் காட்டிச் சேர வாய்ப்பு உண்டு. உத்தரவு வந்த பிறகு அந்தக் கதவு அநேகமாகத் திறக்காது.

சேர்ந்தவர்களும் விழும் குழி ஒன்று இருக்கிறது. உத்தரவு வந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை மனு போக வேண்டும். சட்டமே விதித்த கெடு. ஆணையம் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. என்னிடம் வந்த ஒரு சிறு குடிநீர் வாரியம் முப்பதாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு இணையத்தில் மனுவை ஏற்றியது. ஆணையத்தின் கடிகாரம் வாஷிங்டனில் ஓடுகிறது. அலுவல் நாள் முடிவது அங்கே ஐந்து மணிக்கு; அப்போது கலிபோர்னியாவில் மணி இரண்டு. மனு மறுநாள் தேதியில் பதிவானது, முப்பத்தோராம் நாள். ஏற்றுக்கொண்டதற்கான ரசீதை அச்செடுத்து வந்து மேசைமேல் வைத்தார் செயலாளர். நான் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சவில்லை.

இன்னொரு வாரியம் நேரத்தில்தான் போட்டது. ஆனால் மனு முழுக்க "எங்களைக் கலந்து பேசவில்லை" என்ற புலம்பல். கிணறு பற்றி ஒரு சொல் இல்லை. மறுவிசாரணையில் எழுப்பாத ஆட்சேபத்தை நீதிமன்றம் காதில் போட்டுக்கொள்ளாது.

இப்போது கசப்பான பகுதி. அணையைக் காப்பாற்றும் வழக்காக இதை நடத்தாதீர்கள். 2021இல் மின்மாற்றி பழுதானதிலிருந்து இந்த அணைத் திட்டத்தின் மின்நிலையம் ஓடவில்லை. உரிமக்காலம் 2022இல் முடிந்தது. நிலநடுக்க அபாயம் கருதி 2023இலிருந்து மதகுகளை மூடி நீர்மட்டத்தை உயர்த்துவதையே நிறுத்திவிட்டார்கள். விலகத் துடிக்கும் உரிமதாரரைப் பிடித்துவைத்து அணையை ஓட்டச் சொல்லும் வழக்கம் ஆணையத்துக்கு இல்லை. வட கலிபோர்னியாவின் கிளமத் ஆற்று அணைகளைப் பாருங்கள்: சிஸ்கியூ கவுண்டியில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் 2010இல் இடிப்பு வேண்டாம் என்றார்கள். 2022 நவம்பரில் ஆணையம் இடிக்க அனுமதித்தது. 2024க்குள் நான்கு அணைகளும் போய்விட்டன. அதே கவுண்டியின் வைரீக்கா நகரத்துக்குப் போகும் குடிநீர்க் குழாய் அயர்ன் கேட் நீர்த்தேக்கத்தைக் கடந்து சென்றது. அதை மாற்றித் தருவது இடிப்புத் திட்டத்திலேயே எழுதப்பட்டது, மாற்றியும் தந்தார்கள்.

ஆகவே சமரசம் பேசுங்கள். ஆழப்படுத்த வேண்டிய கிணறுகள், தீயணைப்புக்கு மாற்று நீர்த்தொட்டி, கனரக வண்டிகளால் பெயரும் சாலை. இவை கேட்டால் கிடைக்கக்கூடியவை. ஆனால் "நல்லெண்ணத்துடன் கலந்தாலோசிப்போம்" என்ற வாசகத்துக்கு ஈடாக "ஒப்படைப்பை எதிர்க்க மாட்டோம்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பலர் அப்படித்தான் கையைக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஒப்படைப்பு நடைமுறைக்கு வந்ததும் ஆணையத்தின் அதிகாரம் முடிந்துவிடும். பிறகு அங்கே புகார் சொல்ல ஆள் இல்லை. வாக்குறுதி உத்தரவின் நிபந்தனையாக ஏற வேண்டும். அல்லது தொகை, தேதி, வங்கி உத்தரவாதத்தோடு மாநில நீதிமன்றத்தில் அமலாக்கக்கூடிய ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

இந்த வாரமே கோப்பைத் திறந்து தரப்பினர் பட்டியலில் உங்கள் அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிணறுகளின் நீர்மட்டத்தைத் தகுதியுள்ள ஒருவரை வைத்து இப்போதே அளந்து, தேதியோடு பதிவு செய்யுங்கள். ஏரி வடிந்த பிறகு எடுக்கும் அளவை வைத்து, முன்பு எவ்வளவு இருந்தது என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.