ஸ்கிராப்புக்கில் ஒட்டிய பூக்கள் பழுப்பேறுவதும் படத்தில் கறை படிவதும்

வணக்கம். ஒரு வாரம் புத்தகத்தினுள் உலர்த்தி, ஸ்கிராப்புக்கில் (படங்களும் நினைவுப்பொருள்களும் ஒட்டிவைக்கும் ஏட்டில்) ஒட்டிய ரோஜாப் பூக்கள் இரண்டு மாதங்களில் பழுப்பேறி, அருகிலிருந்த புகைப்படத்திலும் கறை படிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரம்தான் சிக்கலின் தொடக்கமாக இருக்கக்கூடும். தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும் காம்பிலும் பூவின் தடித்த அடிப்பகுதியிலும் ஈரம் தங்கியிருக்கும். பக்கத்தின்மேல் போடும் பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்போது பழுப்பும் பூஞ்சையும் தொடங்குகின்றன. அடுத்த முறை இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, மையுறிஞ்சும் தாள்களுக்கிடையே கனமான பாரத்தின்கீழ் 2 முதல் 4 வாரங்கள் வையுங்கள். முதல் சில நாள்களில் தாள்களை நாள்தோறும் மாற்றுவது மிக முக்கியம்.

கறையின் காரணம் ஈரம் மட்டுமன்று. தாவரப் பொருள்களிலுள்ள அமிலங்களும் நிறமிகளும் தம்மைத் தொட்டிருக்கும் தாளுக்கு மெல்லப் பரவக்கூடியவை என்பதால், எவ்வளவு நன்றாக உலர்த்தினாலும், புகைப்படம் உள்ள பக்கத்திலோ அதன்மீது படியும் எதிர்ப்பக்கத்திலோ பூவை நேரடியாக ஒட்டாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒட்டியே ஆக வேண்டுமெனில், முழுதும் உலர்ந்த பூவை அமிலமற்ற அட்டையில் பதித்து, பாலியெஸ்டர் உறையிலிட்டுச் செருகுங்கள், பி.வி.சி. என்னும் வகைப் பிளாஸ்டிக்காலான உறை படங்களுக்கே கேடு. கறைபட்ட படத்தைத் துடைக்க முயலாமல் உடனே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

ரோஜாவின் சிவப்பு மங்குவதை மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி ஒளியாலும் அமிலத்தன்மை மாற்றத்தாலும் எளிதில் நிறம் மாறுவது. மஞ்சள், ஆரஞ்சு இதழ்கள் பொதுவாக அதைவிட நிலைத்திருக்கும். நான் அவற்றையே தேர்ந்தெடுப்பேன்.