ரவுட்டரையும் பேட்டரியையும் ஒரே அலமாரியில் அடைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். டி.வி. வயர்கள், செட் டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், இன்வெர்ட்டர் எதுவும் கூடத்தில் கண்ணில் படக் கூடாது என்பது அம்மாவின் விருப்பம். எல்லாவற்றையும் டி.வி.க்குக் கீழே பிளைவுட் அலமாரியில் வைத்துக் கதவு போட்டுவிடலாம் என்கிறார் தச்சர். செய்யலாமா?

பதில்: வயர்களைப் பொறுத்தவரை செய்யலாம்; இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் அந்த அலமாரிக்குள் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வீடுகளில் பரவலாக உள்ள ஈய-அமில பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கினால், ஒரு சிறு தீப்பொறியே வெடிப்பதற்குப் போதும். சமையலறையை ஒட்டிய யூட்டிலிட்டியில், மழைச்சாரல் படாத, காற்றோட்டமான மூலையே அதற்கு உரிய இடம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் அங்கே வசதியாக இருக்கும்.

ரவுட்டரின் சிக்கல் வேறு. மரப்பலகையை வைஃபை அலை ஓரளவு எளிதாகக் கடந்துவிடும். இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றின் பின்னால் வைத்தால் அலை தடைபடும். அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் சுவர்களில் சீக்கிரம் வலுவிழக்கும் என்பதால், பழைய வீட்டின் கனத்த சுவர்களுக்கு இடையே, டி.வி.க்குக் கீழே தரையோரமாக ரவுட்டரை ஒளித்து வைப்பது பயன் தராது. வீட்டின் நடுப்பகுதியில், பரண் உயரத்தில், முன்புறம் பிரம்புப் பின்னல் போட்ட சிறு மாடம் அமைத்தால் ரவுட்டரும் மறையும், அலையும் தடையின்றிப் பரவும். தொலைவில் உள்ள அறைக்கு இப்போதே சுவருக்குள் கேட் 6 எனப்படும் இணைய கேபிளை இழுத்துவிடுங்கள். ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை அது தாங்கும்.

செட் டாப் பாக்ஸுக்கும் பிரம்புக் கதவையே பரிந்துரைப்பேன். அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் ரிமோட் பிளைவுட்டை ஊடுருவாது; பின்னலின் இடைவெளி வழியே பெரும்பாலும் வேலை செய்யும். சூடு வெளியேற அலமாரியின் பின்பலகையிலும் துளை இருக்கட்டும். அழகு கருதித் தச்சர் இதைத் தவிர்க்கப் பார்ப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

டி.வி.க்குப் பின்னால் சுவரைக் கொத்தும்போது, வழக்கமான 25 மி.மீ. பைப்பின் வளைவுகளில், செட் டாப் பாக்ஸை டி.வி.யுடன் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை சிக்கிக்கொள்ளும் என்பதால், 50 மி.மீ. பைப்பை அகன்ற வளைவுகளோடு பதித்து, பிறகு கேபிளைக் கட்டி இழுக்க உள்ளே இழுகம்பி ஒன்றையும் விட்டுவையுங்கள். மின்சார வயருக்குத் தனிப் பைப் வேண்டும். போனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும், மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியான நியூட்ரல் வயரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்குள் அது பெரும்பாலும் இராது.

பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை அம்மா சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கச் சொல்லும்போது, பைப் எங்கே ஓடுகிறது என்று சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்காது.