டூ-ஸ்ட்ரோக் என்ஜின் ஸ்னோமொபைலில் (பனியில் ஓட்டும் வண்டி) இருந்து ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறினால் என்ன வித்தியாசம் தெரியும்?

கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பக்கம் சீர்செய்த பனித்தடங்களில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக மாறலாம். ஆழமான பொடிப்பனியில், மலைச்சரிவில் ஏறுவதுதான் பழக்கம் என்றால் டூ-ஸ்ட்ரோக்கை விடாதீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எடை அதிகம், அதுவும் முன்பக்கம். பனியில் புதைந்துவிட்டால் அதன் மூக்கைத் தூக்கி வெளியே இழுக்கும்போது இடுப்பு சொல்லும்.

முதல் நாளே தெரிவது வளைவில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் என்ஜினே பின்னால் பிடித்து இழுக்கும், எடையும் முன்னால் சாயும். பழைய பழக்கத்தில் வளைவின் நடுவே சட்டென்று கையை எடுக்காதீர்கள். முன்பே வேகத்தைக் குறைத்து, லேசாகத் த்ராட்டில் கொடுத்தபடி திரும்புங்கள். அரை நாளில் பழகிவிடும்.

டூ-ஸ்ட்ரோக்கில் என்ஜின் சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் ஒரு முறை வெடிக்கும். ஆயிலும் பெட்ரோலோடு எரியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. ஆயில் தனியாகச் சுழலும். அதனால் ஆயில் கேன் சுமக்க வேண்டாம், ஜாக்கெட்டில் புகை நாற்றமும் இருக்காது (வீட்டில் இதற்கே வரவேற்பு உண்டு). ஆனால் ஆயில், ஃபில்டர் மாற்றும் செலவு சேரும். பேட்டரியையும் கவனியுங்கள்: பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில் இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு கிடையாது. மைனஸ் 30 டிகிரியில், காட்டுக்கு நடுவே பேட்டரி படுத்தால் அப்புறம் நடைதான்.