கோழிக்கூட்டுக்கு அடியில் குழி: நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

அண்ணாச்சி, வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைச்சிருந்தோம். அதுக்கு அடியிலயும் தோண்டி மூணு கோழியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. இன்னும் ஆழமாப் புதைக்கணுமா? – சேரன்மகாதேவி

ஆழம் போதும், அகலம்தான் இல்லை. நாயோ நரியோ வேலியை ஒட்டி, வலையின் காலடியில்தான் பறிக்கத் தொடங்கும். இரண்டடி பின்னால் போய் நின்று சுரங்கம் போடும் யோசனை அதற்கு வராது. அதனால் வேலியடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கப் போடுங்கள். பறிக்கும் நகம் கம்பியில் தட்டும். இடம் மாறிப் பறித்தாலும் அங்கேயும் கம்பிதான்.

15-க்கு 10 அடி அடைப்புக்குக் கணக்கு இது. சுற்றளவு 50 அடி. மூலைகளில் வலையை மடித்தால் 2 அடிச் சதுரம் திறந்தே கிடக்கும். அந்த நாலு துண்டுக்கு 10 அடி. ஒட்டுக்கு 5 அடி. ஆக 3 அடி அகலச் சுருளில் 65 அடி வாங்குங்கள். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷாக (கம்பிச் சந்திப்புகளில் வெல்டு அடித்த வலை) இருக்கட்டும். மூன்றடியில் ஓரடி வேலியின் வெளிப்புறத்தில் மேலே ஏறணும், இரண்டடி தரையில் படியணும். மேல்மண்ணை 3 அங்குலம் செதுக்கி எடுத்துவிட்டு வலையை விரித்து, 6 எம்.எம். கம்பியை ஓரடிக் கால் வைத்த 'ப' வடிவக் கொண்டியாக வளைத்து, 2 அடிக்கு ஒன்றாக அடித்து இறக்கவும். வேலியோடு சேரும் இடத்தில் அரை அடிக்கு ஒரு கட்டு. கட்டுக்கு ஜி.ஐ. கம்பிதான் (துத்தநாகம் பூசியது) வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே துருப்பிடித்து அறும். பிறகு மண்ணை மூடி அருகம்புல்லைப் பதித்துவிட்டால், வேர் வலையோடு பின்னிக்கொள்ளும்.

மடிப்பை உள்பக்கமாக விடுகிறவர்களும் உண்டு. தோண்டுகிறது வெளியே நின்றல்லவா தோண்டுகிறது? வெளியே வலை இல்லாத மண்ணில் அது ஆற அமரப் பறித்து, நாலு ராத்திரியில் உள்மடிப்பையும் தாண்டிவிடும்.

ஏற்கெனவே அறுகோணக் கண் கோழிவலை இருக்கு. அதையே தரையில போடலாமா? – வள்ளியூர்

கூடாது. அது கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்த வலை. நாய் பல்லால் கடித்து இழுத்தால் முறுக்கு அவிழும். மண்ணுக்குள் மெல்லிய கம்பி சீக்கிரம் துருப்பிடித்துப் பொடியும். மேல்கூரைக்குப் போடுங்கள், பருந்துக்கு அது போதும்.

எங்க ஊரு தேரி மண்ணு. பள்ளம் தோண்டினா சரியுது, கொண்டி அடிச்சா நிக்கல. – திசையன்விளை

தேரிச் செம்மணலில் செங்குத்தாகப் புதைக்கும் வேலையே வேண்டாம். தரைவலையை 3 அடி அகலமாக்கி, கொண்டியின் காலை இரண்டடியாக நீட்டுங்கள். அதன்மேல் கல்தூண் உடைசலோ ஓடைக்கல்லோ வரிசையாகப் பாரம் ஏற்றணும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து வலையின் ஓரம் வெளியே தெரியும். தூக்கி நிற்கும் ஓரத்துக்குள் மூக்கை நுழைத்தால் முழு வலையையும் கிளப்பிவிடலாம். எனவே காற்று காலத்தில் வாரம் ஒருமுறை மணலை இழுத்து மூடுங்கள்.

கடல் பக்கம் உப்புக்காற்று வேறு. வெல்டு அடித்த பிறகு துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த வலையா என்று கேட்டு வாங்குங்கள். தோய்த்த பின் வெல்டு அடித்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் பூச்சு கருகி, துரு அங்கேதான் பிடிக்கும்.

கரிசலில் சிமெண்ட் அஸ்திவாரம் போட்டோம். கோடையில வெடிச்சு, கை நுழையுற இடுக்கு விழுந்துட்டு. – கயத்தாறு

கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சன்னமான அஸ்திவாரம் அதைத் தாங்காது. வேலி ஓரமாக 2 அடி அகலத்துக்கு, அரை அடி ஆழக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் தரைவலை. சரளும் வலையும் மண்ணோடு ஏறி இறங்கும், வெடிக்காது. பறிக்கவும் சிரமம், ஒவ்வொரு கல்லாகச் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும்.

எது வருதுன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்க? – களக்காடு

முதலில் நேரம். பட்டப்பகலில் குஞ்சு காணாமல் போனால் கீரி, பருந்து, காகம். கீரி கழுத்தையோ தலையையோ கடித்துப் போட்டிருக்கும், முட்டையையும் விடாது. ராத்திரியில் முழுக்கோழி போய், வேலியிலிருந்து காட்டுப்பக்கமாக இறகு சிந்திக் கிடந்தால் நரி அல்லது காட்டுப்பூனை. ஏழெட்டுக் கோழி செத்து, ஒன்றையும் தின்னாமல் போட்டிருந்தால் பெரும்பாலும் தெருநாய்தான். நரிமேல் பழி போடும் பல வீடுகளில் நாய் வந்து போயிருக்கும்.

குழியையும் பாருங்கள். நாயும் நரியும் மண்ணைப் பின்னால் வாரி இறைக்கும். பெருச்சாளி வளைவாயில் மண் குவிந்திருக்கும். குழியே இல்லாமல் கோழி போனால் மரநாய், அது கூரை வழியாக வரும். அதற்குத் தரைவலை எதுவும் செய்யாது.

சந்தேகம் தீராவிட்டால் சாயங்காலம் வேலியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி வையுங்கள். நாய், நரி காலில் நாலு விரலோடு நகமும் பதியும். பூனை இனத்துக்கு நகம் பதியாது. கீரிக்கு ஐந்து விரல், நீளமான நகம். உங்கள் ஊர் மலையடிவாரம் என்பதால் உள்ளங்கை அளவுக்குப் பூனைத் தடம் தெரிந்தால், வேலி வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுத்தி வலை போட்டாச்சு. இப்போ கதவுக்கு அடியில பறிக்குது! – நாங்குநேரி

எல்லோருக்கும் அங்கேதான் விட்டுப்போகிறது. கதவு திறக்கணுமே என்று தரைவலையை அங்கே நிறுத்திவிடுவார்கள். வாசலில் 2 அடி அகலக் கடப்பைக்கல்லை மண் மட்டத்துக்குப் பதித்து, இருபுறமும் தரைவலையின் ஓரத்தைக் கல்லுக்கு அடியில் செருகுங்கள். கதவை மூடினால் கல்லுக்கும் கதவுக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மரக்கதவு மழைக்கு ஊதி வெயிலில் வளைவதால், மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். ஒற்றைத் தாழ்ப்பாள் கதவின் கீழ்மூலையை நாய் முட்டி விலக்கும்.

பெருச்சாளி வளையை எத்தனை தடவ மூடினாலும் திரும்பத் தோண்டுது. – அம்பாசமுத்திரம்

தீனியை எடுக்காமல் வளையை மூடிப் பலனில்லை. ராத்திரி தீனித்தொட்டி கூட்டுக்குள் இருக்கவே கூடாது. சிந்திய கம்பும் தவிடும் கூட்டி எடுக்கப்படணும். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வயல் எலியும் வீட்டுப்பக்கம் ஒதுங்கும், பின்னாலேயே பாம்பு வரும். அந்த வளைதான் அதற்கு வழி.

இரவுக்கூட்டுக்குள் மட்டும் 2 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டு, மேலே 3 அங்குலம் உமி பரப்பலாம். பகல் மேயும் இடத்துக்குக் கான்கிரீட் வேண்டாம், கோழி கிளறவும் மண்குளியல் போடவும் மண் வேண்டும். பாம்புக்குப் பயந்து நைலான் வலை கட்டாதீர்கள். பாம்பு அதில் சிக்கி உயிரோடு கிடக்கும், அதை எடுக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் உண்டு.

வேலியில் லேசாக் கரண்ட் கொடுக்கலாமா? இல்ல, மருந்து வச்சிரலாமா? – சங்கரன்கோவில்

இரண்டும் வேண்டாம். வீட்டு மின்சாரத்தில் 'லேசாக' என்று ஒன்று கிடையாது. ஈரத் தரையில் கை வைக்கும் குழந்தையையும் அது கொல்லும், வழக்கும் உங்கள்மேல்தான் வரும். விஷம் வைத்தால் முதலில் சாவது மயிலும் பக்கத்து வீட்டு நாயும். கீரி, நரி, உடும்பு, மரநாய் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கண்ணி வைத்தாலும் குற்றம்தான். பினாயிலும் மிளகாய்த்தூளும் ஒரு மழைக்குத் தாங்காது. அந்தக் காசுக்கு இன்னும் பத்தடி வலை வாங்கலாம்.