தள்ளுபடியில் மிச்சம் 10, வட்டியில் போனது 29

கேள்வி: பக்கத்தில் விளைவதை, அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதையே சாப்பிடலாம் என்று ஒரு பண்ணையின் வாராந்திரக் காய்ப் பெட்டிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்பதால் கிரெடிட் கார்டில் கட்டினேன். மினிமம் ட்யூவை, அதாவது மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் தவறாமல் கட்டிவருகிறேன். பருவம் மாறும்போது வாரக்கணக்கில் ஒரே காய்தான் வருகிறது. புதுப் பெட்டி வரும் அன்று போன வாரக் கீரை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் குழைந்து கிடக்கிறது. கடையிலும் தனியாக வாங்குகிறோம். சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். தவணையில் ஃப்ரீசர் வாங்கிவிடலாமா? மைத்துனரோ பண்ணை நிலத்திலேயே பங்கு வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார்.

பதில்: ஃப்ரீசரையும் மைத்துனரையும் அப்புறம் பார்ப்போம். தவறாமல் மினிமம் ட்யூ கட்டுவதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, வினையே அதுதான்.

ஆண்டுச் சந்தா 100 என்று வையுங்கள். தள்ளுபடி போக 90 கார்டில் ஏறியது. வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் ட்யூ பாக்கியில் 5 சதவீதம் என்று கொண்டால், 12 மாதத்தில் சுமார் 50 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 69 நிற்கும். கட்டிய 50இல் 29 வெறும் வட்டி! 10 மிச்சம் பிடிக்கப் போய் 29 கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் பாதி குப்பைக்குப் போன காய்க்கு. இப்போது புதுப்பித்தால் பாக்கி 159. போதாததற்கு, பாக்கி நிற்கும்வரை கார்டில் வாங்கும் மற்ற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

முன்பணம் கேட்பதில் பண்ணைக்காரர் மேல் தப்பில்லை. விதைக்கிற நேரத்தில் அவருக்குக் காசு வேண்டும். விளைச்சல் கெட்டால் அந்த நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு என்பதுதான் இந்த ஏற்பாடு. கையில் காசு இருப்பவர் தாராளமாகச் செய்யலாம். நீங்கள் செய்தது கடன் வாங்கிக் கடன் கொடுத்த கதை.

அதோடு, பருவத்துக் காயின் லாபமே வரத்து கூடும்போது விலை இறங்குவதுதான். ஆண்டு முழுக்க ஒரே விலை பேசிவிட்டால் அந்த இறக்கம் உங்களுக்குக் கிடைக்காது.

அதனால் புதுப்பிக்காதீர்கள். மாதாமாதம் கட்டும் வசதியோடு அரைப் பெட்டி தருவார்களா என்று கேளுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். இல்லை என்றால், அந்த வாரம் எது மலிவோ அதை விளைவிப்பவரிடமே காசு கொடுத்து வாங்குங்கள். கார்டை எடுத்து வைத்துவிட்டு மாதம் 7 வீதம் கட்டினால் 69ம் ஓராண்டில் தீரும். அரைப் பெட்டிக்கு மாதம் 4 சொச்சம்தான், இரண்டும் சேர்ந்து 11 சொச்சம். கடையில் இரட்டிப்பாக வாங்குவதை நிறுத்தினாலே இதில் கொஞ்சம் வந்துவிடும்.

ஃப்ரீசர் வேண்டாம். தின்ன முடியாத காயைக் காக்க இன்னொரு தவணையும் மின் கட்டணமுமா? 'வட்டியில்லா தவணை' என்பார்கள், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

பண்ணை நிலப் பங்கு இப்போது ஃபேஷன். பத்திரம் யார் பெயரில், விற்க நினைத்தால் யார் வாங்குவார் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொல்லுங்கள். கார்டு பாக்கி தீர்ந்த பிறகு பேசலாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதற்குள் மைத்துனரே வேறு திட்டத்துக்குப் போயிருப்பார்.