சராசரிப்படி நான்கு கவுண்டர் போதும், பிறகு ஏன் வரிசை நீள்கிறது?

தம்பி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக விமான நிலைய வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். 2 மணி நேரத்தில் 180 பயணிகள், 4 கவுண்டர், ஆளுக்கு 2 நிமிடம். மணிக்கு 120 பேரை அனுப்பலாம், ஆனாலும் வரிசை நீள்கிறது என்கிறீர்கள். நிரலில் பிழை தேடுவதற்கு முன் வருகையைப் பாருங்கள். பயணிகள் சீராக வருவதில்லை.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு இரவு வான் வண்டியில் போயிருந்தால் தெரியும். கயிறு கட்டிய பெட்டிகளோடு ஒரு குடும்பமே ஒன்றாக இறங்கும். நடு அரை மணிக்குள் 100 பேர் வந்தால், நான்கு கவுண்டரும் சேர்ந்து 60 பேரைத்தான் அனுப்பும். மிச்சம் 40 பேர். கடைசியில் நிற்பவருக்கு 20 நிமிடக் காத்திருப்பு.

சரி, முழு நாளையும் 15 நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். பழைய வரிசையோடு வந்தவர்களைக் கூட்டி, அனுப்பியவர்களைக் கழித்து, மிச்சத்தை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோங்கள். திறக்கும் கவுண்டர்களை முழு எண் மாறியாக வைத்து, வரிசை 30 பேரைத் தாண்டாமல் மொத்தக் கவுண்டர் நேரத்தைக் குறைக்கக் கணினியிடம் சொல்லுங்கள். இப்படிச் சிறந்த விடையைத் தேடித்தரும், இலவசமாகக் கிடைக்கும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் (OR-Tools) மென்பொருள் இதற்குத் தாராளம். திறந்த கவுண்டர் ஒரு மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் கால் மணிக்கொரு தடவை ஊழியரை எழுப்பி உட்காரவைக்கும் விடைதான் வரும், அவர்களும் மனிதர்கள்தானே.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு: சராசரி வரிசை நீளம், நிமிடத்துக்கு வருபவர்களைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கியதற்குச் சமம். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. உங்கள் எண்கள் இதோடு ஒத்துவராவிட்டால் நிரலை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.