விரல் நசுங்கியது, இ.எஸ்.ஐ. கிடைக்குமா?

கேள்வி: பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, அதனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் வராது என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: தவறு. குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு சாதாரண நோய்க்குத்தான். பணியிடக் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. விபத்து நடந்த நாளைத் தவிர்த்து குறைந்தது 3 நாள் வேலை செய்ய முடியாதிருந்தால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும்.

விபத்துப் பதிவேட்டில் உடனே எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு முதலாளியின் விபத்து அறிக்கை போனதா என்று கேளுங்கள். மருத்துவமனைச் சீட்டில் 'வீட்டில் அடிபட்டது' என்று எழுதவிடாதீர்கள். பல வழக்குகள் இங்கேதான் சிக்குகின்றன. சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட நிரந்தர இழப்பை மருத்துவ வாரியம் மதிப்பிடும். முழு ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீதம், கட்டைவிரலுக்கு 30. அந்த விகிதப்படி மாதத் தொகை ஆயுள் முழுதும் வரும்.